புறாவுக்கு விற்கும் ‘அன்டிஒக்சிடன்ட்’ பொடி: ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த பிறகு

நேரம் இல்லாதவர்கள் இந்தப் பந்தியோடு போய்விடலாம். நல்ல தீனி தின்று, காற்றோட்டமான கூட்டில் இருந்து, சுத்தமான தண்ணீர் குடிக்கிற புறாவுக்கு இந்தப் பொடி தேவையில்லை. ஐந்துக்கு இரண்டு புள்ளி கொடுக்கிறேன். அந்த இரண்டும் எதற்கு, மற்ற மூன்றையும் ஏன் வெட்டினேன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். பொடியின் பெயரையும் கடையின் பெயரையும் போடவில்லை. இதே மாதிரி நாலைந்து பொடிகள் வேறு வேறு படத்தோடு சந்தையில் இருக்கின்றன, எல்லாவற்றின் முதுகிலும் கிட்டத்தட்ட ஒரே வசனம்தான், ஆகவே நான் சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

எனக்கு வீடு திருகோணமலை உப்புவெளியில். பின்வளவில் அப்பா காலத்துக் கூடு, தகரக் கூரை, இப்போது அதில் 32 புறாக்கள். பாதி ஹோமர், அதாவது தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் கூட்டுக்குத் திரும்பி வருகிற பந்தயப் புறா, மீதி கர்ணமடிக்கிற கர்ணமும் சாதாவும். வேலைக்குப் போகமுதல் அரை மணித்தியாலம், வந்த பிறகு இருட்டும் வரைக்கும் கூட்டடியில்தான் நிற்பேன். மே மாதம் ஒருநாள் டவுனில் சந்தைப் பக்கம் உள்ள தீவனக் கடைக்குக் கௌபி வாங்கப் போனேன். கடைத் தம்பி ஒரு வெள்ளி நிறப் பக்கற்றை எடுத்து மேசையில் வைத்தார்.

“அண்ண, இது அன்டிஒக்சிடன்ட். புறாட ஆயுள் ரெண்டு மடங்காகும். ரேஸ் விடுறவங்கள் எல்லாம் இதத்தான் கொண்டு போறாங்கள்.”

என் கூட்டில் அப்போது ஒரு ஹோமர் ஆண் பதினொரு வயதைத் தாண்டி நின்றது. அப்பா கடைசியாக வளையம் போட்ட குஞ்சு அது. ஆயுள் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அதன் முகம்தான் வந்தது. 250 கிராம், 1,450 ரூபாய், வாங்கிவிட்டேன்.

முதலில் பக்கற்றைப் பற்றி. முன்பக்கம் செட்டை விரித்த புறா. பின்பக்கம் விற்றமின் ஈ, விற்றமின் சி, பீட்டா கரோட்டின், செலீனியம் என்று நாலு பெயர். எது எத்தனை மில்லிகிராம் என்று ஓர் இடத்திலும் இல்லை. காலாவதித் திகதி குத்திய இடத்தில் மை அழிந்து ஒரு 2 மட்டும் தெரிகிறது. ‘ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி’ என்று போட்டிருக்கிறார்கள், மட்டக் கரண்டியா குவித்த கரண்டியா என்று இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் சின்னக் குறை. ஆனால் செலீனியம் இருக்கிற பொடியில் இது சின்னக் குறை இல்லை. செலீனியம் பறவைக்கு வேண்டும், மிக மிகக் கொஞ்சமாக வேண்டும், வேண்டிய அளவைத் தாண்டி நஞ்சாகிற அளவுக்குப் போக அதிக தூரம் இல்லை. கலிபோர்னியாவில் கெஸ்டர்சன் என்று ஒரு நீர்த்தேக்கம். வயல்களிலிருந்து வடிந்து வந்த தண்ணீரோடு செலீனியமும் வந்து அங்கே சேர்ந்துகொண்டே இருந்தது. 1983இல் பார்த்தால் அங்கே கூடு கட்டிய நீர்ப்பறவைகளின் முட்டைக்குள் குஞ்சுகள் கண் இல்லாமல், பாதம் இல்லாமல், சொண்டு கோணி உருவாகியிருந்தன. அங்கே யாரும் வேண்டுமென்று எதையும் கலக்கவில்லை. நாங்கள் முட்டை இடப்போகிற பெட்டைக்குத் தண்ணீரில் கலந்து நாள் தவறாமல் கொடுக்கிறோம். செலீனியம் என்று எழுதிவிட்டு அளவை எழுதாத பக்கற்றை நான் இனிமேல் கையால் தொடமாட்டேன். வெட்டிய மூன்று புள்ளியில் இரண்டு இதற்கே போய்விட்டது.

சரி, இந்த அன்டிஒக்சிடன்ட் என்பது என்ன வேலை செய்கிறது?

மூன்று நாலு மாதம் போத்தலில் கிடந்த கச்சானை வாயில் போட்டால் ஒரு காறல் வரும் இல்லையா. கச்சானில் இருக்கிற எண்ணெயை ஒட்சிசன் பிடித்துக் கெடுத்ததால் வருகிற காறல் அது. உயிரோடு இருக்கிற உடம்புக்குள்ளும் இதே வேலை நடந்துகொண்டிருக்கிறது. கலத்துக்குள் இருக்கிற இழைமணி உணவை எரித்துச் சக்தி எடுக்கும்போது கொஞ்ச ஒட்சிசன் வழி தவறிச் சுயாதீன மூலிகமாக மாறும். அது கலத்தின் மென்சவ்வில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் டிஎன்ஏயையும் கடித்துவைக்கும். உடம்பும் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. சுப்பர் ஒக்சைட் டிஸ்மியூட்டேஸ், கற்றலேஸ், குளுற்றதயோன் பெரொக்சிடேஸ் என்று காவலுக்கு நொதியங்களைத் தானே செய்து வைத்திருக்கிறது. பறவைக்கு இரத்தத்தில் யூரிக் அமிலமும் நிறைய ஓடும், அதுவும் ஒரு காவல்தான். செலீனியம் தேவைப்படுவதே முக்கியமாக அந்தப் பெரொக்சிடேஸ் நொதியத்தைச் செய்யத்தான். பறவையால் தானே செய்ய முடியாமல் தீனியில் இருந்துதான் எடுக்கவேண்டும் என்றிருப்பவை விற்றமின் ஈயும் கரோட்டினொயிட்டுகளும், பக்கற்றில் உள்ள பீட்டா கரோட்டினும் அந்த வகைதான். தாக்குதல் கூடிக் காவல் போதாமல் போகிற நிலைக்குப் பெயர்தான் ஒட்சியேற்றத் தகைப்பு.

இந்த இடத்தில் பக்கற்றின் ஒரு பெயரை அடித்துவிடலாம். விற்றமின் சியைப் புறா தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். மனிதனுக்குத்தான் அது முடியாது, தோடம்பழமும் நெல்லிக்காயும் தேடுகிறோம். சுகமாக இருக்கிற புறாவுக்கு விற்றமின் சி விற்பது கிணறு இருக்கிற வளவுக்குத் தண்ணீர் பவுசர் அனுப்புவது மாதிரி.

ஜூன் மாதம் நிலாவெளியில் இருந்து படகு பிடித்துப் புறாமலைக்குப் போனேன், புறாத்தீவு என்று போர்டில் எழுதியிருக்கிற அதே இடம்தான். எல்லாரும் பவளப்பாறையும் சுறாவும் பார்க்கத்தான் போவார்கள், மீன் பார்க்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டால் வெளியே எடுக்க மாட்டார்கள். நான் கரையில் பாறைப் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்துவிட்டேன். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவித்த தீவு அது, பெயர் வந்ததே அங்கே பாறை வெடிப்பில் கூடு கட்டுகிற மாடப்புறாவால்தான். சாம்பல் உடம்பு, செட்டையில் இரண்டு கறுப்புப் பட்டை, கழுத்தைத் திருப்பினால் பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னும். என் கூட்டில் நிற்கிற ஹோமரும் அதுவும் ஒரே இனம், மனிதன் பிடித்து வளர்த்ததால் வந்த வித்தியாசம் மட்டும்தான். மத்தியான வெயிலில் ஒன்று என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் பாறை நிழலுக்குள் வயிற்றை அமர்த்தி உட்கார்ந்திருந்தது. இறகு ஒவ்வொன்றும் சீவி வைத்தது மாதிரி. கண் வளையம் சுத்தம். மூக்குக்கு மேலே இருக்கிற அந்த வெள்ளைத் தடிப்பு சுண்ணாம்பு பூசியது போல் இருந்தது, புறா வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அந்த வெள்ளை மங்கினால்தான் நாங்கள் பயப்படுவோம். யார் இதற்குப் பொடி கலந்து கொடுத்தார்கள் என்ற கேள்வி எனக்கு அங்கேதான் வந்தது.

அதற்குப் பிறகு தேடித் தேடி வாசித்ததில் தெரிந்துகொண்டது இது. பறவைகள் விசயத்தில் விஞ்ஞானிகளுக்கு நீண்ட காலமாகவே ஒரு புதிர் இருக்கிறது. பறவையின் உடல் சூடு 41 பாகை அளவில் நிற்கும். இரத்தத்தில் சீனியும் எங்களை விட அதிகம், மூச்சும் எரிப்பும் வேகம். கணக்குப்படி பார்த்தால் சுயாதீன மூலிகம் கூடி, சீக்கிரம் தேய்ந்து, சீக்கிரம் சாக வேண்டும். நடப்பது நேர்மாறு. எலியும் புறாவும் எடையில் ஏறக்குறைய ஒன்று, எலியின் உச்ச ஆயுள் 4 வருடம் அளவில், புறாவின் உச்ச ஆயுளாக எழுதப்படுவது 35 வருடம். 1993இல் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தவர்கள் புறாவின் இழைமணியில் இருந்து மூலிகங்கள் குறைவாகக் கசிகின்றன என்றார்கள். அதாவது புறாவின் பலம் நெருப்பை அணைப்பதில் இல்லை, நெருப்புப் பொறியே குறைவாகப் பறப்பதில். 2011இல் வேறொரு குழு அதே ஒப்பீட்டை இன்னும் பல உறுப்புகளை எடுத்துச் செய்தபோது அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை, காவல் நொதியங்களிலும் புறா எல்லா இடத்திலும் முந்தி நிற்கவில்லை. மாறாமல் நின்றது மென்சவ்வின் கொழுப்புத்தான், எலியுடையதை விடப் புறாவின் கொழுப்பு ஒட்சிசனால் இலகுவில் காறாத வகை. திரும்பவும் கச்சான் கதைதான், சில எண்ணெய் சீக்கிரம் காறும், சில எண்ணெய் தாக்குப்பிடிக்கும். இந்த இரண்டில் எதுவுமே பக்கற்றில் இல்லை.

அடுத்து தகைவிலான். ஐப்பசி பிறந்தால் கன்னியா ரோட்டு வயல் பக்கம் கரண்ட் வயரில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, வால் இரண்டாகப் பிரிந்த சின்னக் குருவி, மழைக்குருவி என்றும் சொல்வார்கள். எங்களிடம் வருவது ஆசியாவின் வடக்கில் இருந்து. அதே இனம் இத்தாலியிலும் மாட்டுத் தொழுவங்களில் கூடு கட்டும், அங்கே 2006 தொடக்கம் 2010 வரை ஐந்து வருடம் ஒரு கூட்டம் ஆய்வாளர்கள் அவற்றைப் பிடித்து, கொஞ்சம் இரத்தம் எடுத்து, அந்த இரத்தத்தின் திரவத்துக்கு மொத்தமாக எவ்வளவு ஒட்சியேற்றத்தைத் தாங்கும் வலு இருக்கிறது என்று அளந்து, அடுத்த வருடம் எது திரும்பி வந்தது எது வரவில்லை என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தாங்கும் வலு கூடியவை அடுத்த வருடத்துக்கு உயிரோடு வரும் வாய்ப்புக் கூடியவையாக இருந்தன, ஆணோ பெண்ணோ இரண்டிலும் அப்படித்தான். கூண்டுக்குள் வளர்க்கும் பிராணியில் இதைக் காட்டுவது ஒன்று, கடல் தாண்டிப் போய்வருகிற காட்டுப் பறவையில் காட்டுவது வேறு. நான் இதை இரண்டு தரம் வாசித்தேன்.

கடைத் தம்பி இந்த ஆய்வைக் கேட்டால் ‘பார்த்தீங்களா அண்ண’ என்று சொல்லலாம். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு விசயமும் இருக்கிறது. ஒவ்வொரு குருவிக்கும் அந்த வலு ஏறக்குறைய தன் நிலையிலேயே நின்றது. இந்த வருடம் கூட்டத்தில் முன்னுக்கு நின்ற குருவி அடுத்த வருடமும் முன்னுக்குத்தான், வயது போனதற்காக இறங்கவில்லை. பிறப்பிலோ, முட்டையில் தாய் கொடுத்ததிலோ, கூட்டில் குஞ்சாக இருந்த நாட்களிலோ அது அமைந்துவிடுகிறது என்று நினைக்க இடம் உண்டு. வளர்ந்து நிற்கிற பறவையின் தண்ணீரில் எதையாவது கரைத்தால் ஆயுள் கூடும் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை. இரத்தத்தில் வலு கூடிய பறவை அதிகம் பிழைத்தது என்பதற்கும், வலுவை வெளியில் இருந்து ஊற்றினால் பிழைக்கும் என்பதற்கும் நடுவில் பெரிய ஆறு ஓடுகிறது, பக்கற்றில் எழுதுகிறவர்கள் அந்த ஆற்றை ஒரே வசனத்தில் தாண்டிவிடுகிறார்கள். மனிதரில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பின்லாந்தில் சிகரட் பிடிக்கும் 29,133 ஆண்களுக்கு விற்றமின் ஈயோ பீட்டா கரோட்டினோ இரண்டுமோ மருந்தில்லாத வெறும் குளிசையோ கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. நல்லது என்று நம்பிக் கொடுத்ததுதான்.

நான் செய்து பார்த்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது. மே, ஜூன் இரண்டு மாதமும் எல்லாப் புறாவுக்கும் கொடுத்தேன். பிறகுதான் யோசித்தேன், எல்லாவற்றுக்கும் கொடுத்தால் எதோடு ஒப்பிடுவது? ஜூலையில் கூட்டை நடுவால் வலை அடித்துப் பிரித்து 16 பக்கம் 16 ஆக்கினேன், வயதும் சாதியும் இரண்டு பக்கமும் முடிந்த வரைக்கும் சமமாக. ஒரு பக்கம் பொடித் தண்ணீர், மற்றப் பக்கம் வெறும் கிணற்றுத் தண்ணீர், தீனி ஒன்று. கொப்பியில் எழுதிவந்தேன். எச்சம், இறகு உதிர்ப்பு, முட்டை, குஞ்சு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எடை. ஒக்டோபர் முடியும் வரை. குஞ்சு இறப்பு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. எடையில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. இறகு பொடிப் பக்கம் கொஞ்சம் மினுங்குகிற மாதிரி எனக்குத் தெரிந்தது, ஆனால் எந்தப் பக்கம் எது என்று சொல்லாமல் கிண்ணியாவில் இருந்து வந்த கூட்டாளியிடம் காட்டியபோது அவர் மற்றப் பக்கத்தைக் காட்டி “நானா, இதுகள்தான் நல்லா இருக்கு” என்றார். இது 32 புறா, நாலு மாதம், அவ்வளவுதான், இதை வைத்து ஆயுளைப் பற்றி எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஆறு மாதத்தில் பலன் தெரியும் என்று பக்கற்றில் இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ஓகஸ்ட்டில் ஹபரணையில் இருந்து ஆறு புறா விட்டோம், இரண்டு பக்கத்திலும் மூன்று மூன்று. ரோட்டால் 85 கிலோமீற்றர் அளவு வரும், பறவைக்கு அதை விடக் குறையும். காலை ஆறரைக்கு கூட்டாளி வாகனத்தில் இருந்து திறந்துவிட்டு எனக்கு அழைத்தார். நான் கூட்டடியில் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க முதலாவது வந்தது, கடைசி எட்டரைக்கு. முதல் வந்ததும் கடைசி வந்ததும் வெறும் தண்ணீர்ப் பக்கம், பொடிக்காரர் மூன்றும் நடுவில். அதுவல்ல எனக்கு முக்கியம். கடைசியாக வந்த பெட்டையைக் கையில் எடுத்தேன். நெஞ்செலும்பு என் விரல்களுக்கு நடுவில் கத்தி மாதிரி நின்றது, காலையில் கூட்டாளி பெட்டியில் போட்டபோது இவ்வளவு கூராக இருக்கவில்லை என்று சத்தியமாகச் சொல்லலாம். இதயம் அடிக்கிறதா நடுங்குகிறதா என்று பிரிக்க முடியவில்லை, உள்ளங்கை முழுவதும் ஒரே அதிர்வு. தண்ணீர்ச் சட்டியில் வைத்தேன். கோழி மாதிரி தலையைத் தூக்கித் தூக்கி இல்லை, சொண்டை மூக்கு வரைக்கும் தாழ்த்தி ஒரே இழுவையில் குடித்தது, நிறுத்தி, கண்ணை மூடி, திரும்பவும் குடித்தது. செட்டை இரண்டும் தரையில் தொங்கியபடி.

இந்தப் பெட்டையின் இரத்தத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஹோமர்களை 200 கிலோமீற்றர் அளவு பறக்கவிட்டு, வந்ததும் இரத்தம் எடுத்த ஆய்வு 2008இல் வந்தது. ஒட்சியேற்றச் சேதத்தின் அடையாளம் ஏறியிருந்தது, தாங்கும் வலு இறங்கியிருந்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக் கணவாயில், இரவில் வலசை போய்க்கொண்டிருக்கிற ராபின் குருவிகளைப் பறக்கும்போதே வலையில் பிடித்து, தரையில் தங்கி நின்றவற்றோடு ஒப்பிட்டபோதும் அப்படித்தான், பறந்துகொண்டிருந்தவற்றில் சேதமும் கூட, காவல் நொதியமும் கூட. அதாவது உடம்பு பறக்கும்போதே காவலைக் கூட்டிக்கொண்டு போகிறது. நீண்ட பறப்புக்கு விலை உண்டு, அந்த விலையைக் கட்ட உடம்புக்கு வழியும் தெரியும், அதற்கு நாள் கொடுக்க வேண்டும். இதை வாசித்த பிறகு ஹபரணையில் இருந்து வந்த புறாவைப் பத்து நாளைக்குக் கூட்டை விட்டு நான் எடுப்பதில்லை. முன்பு கிழமைக்குக் கிழமை விட்டுக்கொண்டிருந்தேன். பொடி கொடுக்கிறோம்தானே என்று நினைத்து விடுகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். பொடியின் உண்மையான கெடுதல் எனக்கு இதுவாகத்தான் படுகிறது, ஓய்வுக்குப் பதிலாக அதைக் கொடுக்கிறார்கள்.

அப்பாவின் அந்த ஹோமர் செப்டெம்பரில் இறந்துபோனது. பொடிப் பக்கம்தான் நின்றது. இறகு உதிர்க்கிற காலம், இரண்டு நாள் தீனி எடுக்கவில்லை, மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன், வயது என்றார், மூன்றாம் நாள் காலை பெட்டிக்குள் தலையை மடித்தபடி கிடந்தது. பொடியால் இறந்தது என்று நான் சொல்லவில்லை. பதினொரு வயது ஒரு ஹோமருக்கு நல்ல வயது. ஆனால் எதற்காக அந்தப் பக்கற்றை வாங்கினேனோ அது நடக்கவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒக்டோபர் நடுவில் ஒரு விடியற்காலை. விறாந்தையில் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆறுமணிக்குருவி. தெரியாதவர்களுக்கு: பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்காகக் கறுப்புப் பட்டை, வாலுக்குக் கீழே செம்பருத்திச் சிவப்பு, குட்டை வால். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இரவிரவாகப் பறந்து கடல் தாண்டி எங்களிடம் வரும், வந்த புதிதில் களைத்துப்போய் வீட்டுச் சுவரிலும் கண்ணாடியிலும் முட்டிக்கொண்டு விழும். வருடா வருடம் யாராவது ஒருவர் வீட்டில் இப்படி விழும். எடுத்தேன், பாரமே இல்லை. நெஞ்செலும்பு அந்த ஹபரணைப் பெட்டையை விடக் கூராக இருந்தது. சொண்டைத் திறந்தபடி என்னைப் பார்த்தது, கடிக்கக்கூட இல்லை.

மகள் பின்னால் நின்று, “அப்பா, அந்தப் பொடியைக் கொஞ்சம் கரைச்சுக் குடுப்பமா?” என்றாள்.

இல்லை பிள்ளை என்றேன். கொடுத்திருந்தால் சொண்டுக்குள் ஊற்றித்தான் கொடுத்திருக்க வேண்டும், ஒரு துளி மூச்சுக்குழலுக்குள் போனால் முடிந்தது. அதோடு அந்தக் குருவிக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது இருட்டும் அமைதியும். ஓலைப்பெட்டியில் துவாய் விரித்து வைத்து மேலே துணியால் மூடி, பூனை வராத அறையில் வைத்தோம், பக்கத்தில் சின்னத் தட்டில் தண்ணீர். மனைவி பின்வளவில் வாழையடியைக் கிண்டி நாலு மண்புழு எடுத்து வந்தாள். மத்தியானம் பார்த்தால் இரண்டு புழு இல்லை. பின்னேரம் துணியைத் தூக்கியதும் பாய்ந்து யன்னல் விளிம்பில் நின்றது. வேலிப் பூவரசுக்குக் கீழே விட்டோம், சருகைக் கிண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது. மூன்று நாள் கழித்து விடிய ஆறு மணிக்கு அடுத்த வீட்டு மாமரத்தடியில் இருந்து அந்த இரட்டைச் சீட்டிச் சத்தம் கேட்டது. அதே குருவிதான் என்று சொல்ல முடியாது, மகள் அதுதான் என்கிறாள்.

சரி, இரண்டு புள்ளி எதற்கு? ஜூலையில் ஒரு சோடி சாதா வாங்கினேன், முன்பு வைத்திருந்தவர் அரிசி மட்டுமே போட்டு வளர்த்திருக்கிறார், பெட்டைக்குக் கால் தளர்ந்து நடை சரியில்லை. மிருக வைத்தியர் பார்த்துவிட்டுத் தீனியை மாற்றச் சொன்னார், விற்றமின் ஈயும் கொஞ்ச நாளைக்குக் கொடுக்கச் சொன்னார், அளவை அவரே எழுதித் தந்தார். மூன்று கிழமையில் பெட்டை தட்டுக்கு ஏறியது. இதில் தீனிக்கு எவ்வளவு பங்கு விற்றமினுக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது, ஆனால் குறைபாடு உள்ள புறாவுக்கு, அளவு தெரிந்து, நாள் குறித்துக் கொடுத்தால் இந்த வகைச் சாமானுக்கு வேலை உண்டு. அதற்கு ஒரு புள்ளி. தண்ணீரில் நன்றாகக் கரைகிறது, புறா முகம் சுளிக்காமல் குடிக்கிறது, அதற்கு ஒன்று. கொடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், கரைத்த தண்ணீரை அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும், எங்கள் வெக்கைக்கும் வெளிச்சத்துக்கும் விற்றமின் அடுத்த நாள் வரை நிற்காது, பாசி பிடிப்பதுதான் மிச்சம்.

மூன்றாவதாக வெட்டிய புள்ளி கடைக்கு. இரண்டாவது பக்கற்றைத் திறந்தால் உள்ளே கல்லு மாதிரி கட்டி, ஒரு புளித்த மணம். கொண்டுபோய்க் காட்டினேன். திறந்த பக்கற்றை எடுக்கமாட்டோம் என்றார்கள். திறக்காமல் கட்டி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன், கடைத் தம்பி பாவம், முதலாளியைப் பார்த்தார், முதலாளி பதில் சொல்லாமல் அடுத்த ஆளுக்குச் சாமான் நிறுக்கப் போய்விட்டார். 1,450 ரூபாய் எனக்குச் சின்னக் காசு இல்லை.

அந்தக் காசை இப்போது எதில் போடுகிறேன் என்று கேட்டால், தீனியில். கௌபி, பாசிப்பயறு, சோளன், கொஞ்சம் குரக்கன். பழைய கச்சானும் சூரியகாந்தி விதையும் மலிவாகக் கிடைத்தால் வாங்கவே வேண்டாம், காறிப்போன எண்ணெயைத் தின்னக் கொடுத்துவிட்டு அதைச் சமாளிக்க விற்றமின் ஈ தேடுவதில் என்ன அர்த்தம். சோளனை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள், பூஞ்சண மணம் வந்தால் அந்த மூட்டை ஈரலுக்குக் கேடு. முருங்கை இலையும் பொன்னாங்காணியும் நறுக்கிப் போட்டால் தின்னும், முதல் நாள் தொடாது, மூன்றாம் நாள் சண்டை பிடிக்கும், கரோட்டினொயிட்டு அதில் வேண்டிய மட்டும் உண்டு. கூட்டின் மேற்குப் பக்கம் கிடுகு கட்டினேன், பின்னேர வெயில் தகரத்தில் நேரே விழாமல். அப்புறம் குஞ்சு. வரிக்குருவி என்று ஆய்வுகூடங்களில் வளர்க்கிற சின்னப் பறவையில், கூட்டில் குஞ்சுகளைக் கூட்டி வைத்துப் பெற்றோரை அதிகம் உழைக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள், 2004இல் வந்த ஆய்வு, அதிகக் குஞ்சு வளர்த்தவற்றின் செங்குருதிக் கலங்கள் மூலிகத் தாக்குதலைத் தாங்கும் வலு குறைந்திருந்தது. புறா ஆணும் பெட்டையுமாகத் தொண்டைப்பையில் பால் சுரந்து குஞ்சை வளர்க்கிற பறவை, அதற்கு எவ்வளவு தேய்மானம் இருக்கும். முன்பு வருடத்துக்கு ஆறு ஏழு ஈடு எடுத்துக்கொண்டிருந்தேன், குஞ்சு விற்றால் காசு வரும். இப்போது நாலோடு ஆணையும் பெட்டையையும் பிரித்துவைக்கிறேன். வருமானம் குறைந்துதான் போனது, பரவாயில்லை.

கடையை முழுதாகக் கைவிடச் சொல்லவில்லை. பொடியைத் தவிர மற்றச் சாமான் நல்லது, நிறுவையும் நேர்மை. கௌபி வாங்கப் போகிறவர்கள் புதன்கிழமை காலை போங்கள், அன்றைக்குத்தான் புது மூட்டை அவிழ்ப்பார்கள், கையை உள்ளே விட்டு அடியில் இருந்து அள்ளிப் பார்த்து வாங்குங்கள்.